எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு இணைக்கப் போகிறார்கள். பூங்கா, சாலை விஷயத்தில் குடியிருப்போர் நலச் சங்கம் இப்போதே செய்ய வேண்டியது என்ன?

ஊராட்சி அலுவலகம் இன்னும் திறந்திருக்கிறது அல்லவா? அங்கிருக்கும் காகிதங்களின் நகலை வாங்கி வையுங்கள். இணைப்பை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்ற விவாதம் சங்கத்தில் ஒரு பக்கம் நடக்கட்டும். அது எப்படி முடிந்தாலும், உங்கள் பூங்கா இடம் யார் பெயரில் இருக்கிறது, உங்கள் தெரு எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கையில் இருந்தால்தான் அடுத்த பத்து வருடம் பேச முடியும்.

நான் 2011ல் சென்னையோடு சேர்ந்த ஒரு பழைய ஊராட்சிப் பகுதியில் குடியிருக்கிறேன். எங்கள் தெருக்களின் நலச் சங்கத்தில் செயலாளராகவும் இருந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அந்த இணைப்பு எவ்வளவு பெரியது என்று முதலில் பாருங்கள். 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி ஒரே வீச்சில் 426 ஆனது. 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி என மொத்தம் 42 உள்ளாட்சிகள் உள்ளே போயின. 155 வார்டுகள் 200 ஆயின. பரப்பு இரண்டரை மடங்கு, வார்டு மூன்றில் ஒரு பங்குகூடக் கூடவில்லை. ஒரு கவுன்சிலர் பார்க்க வேண்டிய பகுதி பெரிதாகிவிட்டது, புறநகர்க்காரனுக்கு அவர் எட்டாத ஆளாகிவிட்டார். அதுவரை ஊராட்சித் தலைவரை டீக்கடையில் பிடித்து "அண்ணே, மூணாவது தெருவில் லைட் எரியல" என்று சொல்லிவிடலாம். கிராம சபை என்ற ஒன்று இருந்தது. தீர்மானம் போடச் சொல்லி எழுந்து நின்று பேசலாம். இணைந்த மறுநாள் அது இல்லை. போதாக்குறைக்கு 2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பிறகு அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. நடுவே ஐந்து வருடத்துக்கும் மேல் கவுன்சிலரே கிடையாது. அந்தக் காலத்தில் நலச் சங்கங்கள் இல்லாவிட்டால் பல தெருக்களின் குறையை எடுத்துச் சொல்ல ஆளே இருந்திருக்காது.

அதற்காக இணைப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால் மாதிரி பெரிய செலவுகளை ஓர் ஊராட்சி தாங்காது. ஆனால் பெரிய அமைப்பில் சேர்ந்தால்தான் வசதி வரும் என்பதும் முழு உண்மை இல்லை. ஆலந்தூரைப் பாருங்கள். அது தனி நகராட்சியாக இருந்தபோதே, 1996ல் தலைவரான ஆர்.எஸ்.பாரதியின் காலத்தில், வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை வாங்கிப் பாதாளச் சாக்கடைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். தெருத் தெருவாகப் போய் மக்களிடம் பேசியதில் அங்கிருந்த நலச் சங்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த நகராட்சியும் 2011ல் சென்னைக்குள் போய்விட்டது. ஆகவே எந்த உள்ளாட்சி என்பதைவிட, நம்மிடம் கணக்கும் ஆதாரமும் இருக்கிறதா என்பதில்தான் என் கவனம்.

சரி, பூங்காவுக்கு வருவோம். இதைத்தான் நிறையச் சங்கங்கள் கடைசியில் பார்க்கின்றன. முதலில் பார்க்க வேண்டியதே இதுதான், ஏனென்றால் குண்டும் குழியுமான சாலையை என்றைக்காவது போட்டுவிடலாம், போன இடம் திரும்பி வராது.

அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர், சாலை நீங்கலான பரப்பில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், இடம் ஒதுக்க முடியாதபோது அதற்கான மதிப்பைப் பணமாகக் கட்டலாம். எல்லோரும் 'ஓ.எஸ்.ஆர். இடம்' என்று சொல்வது இதைத்தான். வரைபடத்தில் 'பூங்கா' என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. தானப்பத்திரம் பதிவாகி, பட்டாவும் உள்ளாட்சி பெயருக்கு மாறியிருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் தகராறுக்கு வழி இருக்கிறது.

எங்கள் மனைப்பிரிவு வரைபடத்தில் தென்கிழக்கு மூலையில் பச்சை அடித்த ஒரு முக்கோணம் இருந்தது. நேரில் போய்ப் பார்த்தால் சீமைக் கருவேலம், இடித்த வீடுகளின் செங்கல் குவியல், நடுவில் யாரோ கட்டியிருந்த எருமை. மனை போட்டவரின் ஆட்கள் அது தங்கள் சொந்த இடம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கல் நட்டுக் கம்பி வேலி போடவும் வந்தார்கள். சங்கத்தில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா இருந்தார். அவர்தான் "சத்தம் போடுறதை விட்டுட்டு முதல்ல வில்லங்கம் போட்டுப் பாருங்கப்பா" என்றார். அந்தப் புல எண்ணுக்கு வில்லங்கச் சான்று, அதாவது அந்த இடத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், எடுத்தோம். மனை விற்கத் தொடங்கிய காலத்திலேயே ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்த தானப்பத்திரம் ஒன்று வரிசையில் இருந்தது. ஆனால் பட்டா மாறவே இல்லை, மனை போட்டவர் பெயரிலேயே கிடந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்கி, உட்பிரிவு செய்து பட்டா மாற்றக் கோரி மனு கொடுத்தோம். பட்டா மாற நாளானது. ஆனால் நகலைக் காட்டியதுமே வேலிக்காரர்கள் வருவது நின்றுவிட்டது. இன்று அங்கே வேம்பும் புங்கமும் நிற்கின்றன. சாயங்காலம் பெண்கள் நடக்கிறார்கள்.

நீங்களும் இதையே செய்யுங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். பட்டா, அ-பதிவேடு விவரங்களை வருவாய்த்துறை இணையதளத்தில் பார்க்கலாம். ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் நகல் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திலோ (சி.எம்.டி.ஏ.) நகர் ஊரமைப்பு இயக்ககத்திலோ கிடைக்கும். கேட்டும் தராவிட்டால் 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

பூங்கா இடத்துக்கு வரும் ஆபத்து ஆக்கிரமிப்பாளர்களிடமிருந்து மட்டும் வருவதில்லை. நல்ல காரியத்தின் பெயரிலும் வரும். மேல்நிலைத் தொட்டி, ரேஷன் கடை, அங்கன்வாடி, சமுதாயக் கூடம், ஓரமாக ஒரு பிள்ளையார் கோயில். ஒவ்வொன்றும் தேவையானதாகத்தான் தெரியும், எதிர்த்துப் பேசவே மனம் வராது. நான் பேசியிருக்கிறேன், திட்டும் வாங்கியிருக்கிறேன். அங்கன்வாடி வேண்டும் என்றால் அதற்கு வேறு இடம் கேட்டு நானே கையெழுத்து வாங்கித் தருகிறேன். குழந்தைகளுக்கு விளையாட இருக்கும் ஒரே இடத்தில் கட்ட வேண்டாம் என்பதுதான் என் நிலை. பெங்களூரில் ராஜமகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது அங்கே குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. மருத்துவமனையும் மக்களுக்குத்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. தமிழ்நாட்டிலும் பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959லேயே தனிச் சட்டம் வந்தது. உள்ளாட்சி தன் எல்லைக்குள் இருக்கும் அத்தகைய இடங்களைப் பட்டியலிட வேண்டும் என்கிறது அது. உங்கள் இடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இணைப்பு நேரத்தில் கேட்கும் கேள்விகளில் இது முக்கியமானது.

இனி சாலை. இங்கே முதல் வேலை, எந்தச் சாலை யாருடையது என்று ஒரு வரைபடத்தில் வண்ணம் அடித்துக் குறிப்பது. சென்னையில் பேருந்து செல்லும் சாலைகள் சுமார் 387 கிலோமீட்டர், அவற்றுக்கு மாநகராட்சியில் தனித் துறை. 5,000 கிலோமீட்டருக்கும் மேலான உட்புறச் சாலைகளை மண்டல அலுவலகங்கள் பார்த்துக்கொள்கின்றன. இவை போக நெடுஞ்சாலைத் துறையின் சாலைகள் தனி. தவறான அலுவலகத்துக்கு மனு போட்டால் "எங்களுடையது இல்லை" என்ற ஒரு வரி பதில் வருவதற்குள் மழைக்காலம் வந்துவிடும்.

அப்புறம் பதிவேடு. எங்கள் பகுதியில் ஒரு குறுக்குத் தெரு, பதினைந்து இருபது வீடு இருக்கும். சுற்றியுள்ள தெருக்களுக்கெல்லாம் தார் போட்டார்கள், அதற்கு மட்டும் இல்லை. போய்க் கேட்டால் இளநிலைப் பொறியாளர் பொறுமையாகப் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். "சார், நீங்க சொல்ற தெரு லிஸ்ட்லயே இல்ல. இல்லாத தெருவுக்கு நான் எப்படி எஸ்டிமேட் போடுறது?" அவர் சொன்னது நியாயம். அந்தக் காலத்து ஊராட்சிப் பதிவேட்டிலேயே ஏற்றாமல் விட்டிருந்தார்கள். தெருமுனை வீட்டுப் பெரியவர் பழைய வீட்டுவரி ரசீதுகளை மஞ்சள் பையில் சுருட்டி வைத்திருந்தார். ஊராட்சி அங்கே தெருவிளக்கு போடத் தீர்மானம் போட்டதன் நகலும் அதில் இருந்தது. மின்கம்பத்தில் அடித்திருந்த எண்ணும் தீர்மானத்தில் இருந்த எண்ணும் ஒத்துப்போனது. ஊராட்சி பணம் கட்டி விளக்கு எரித்த தெரு பொதுத் தெருதான் என்று வாதாட அது போதுமானதாக இருந்தது. இன்று அந்தத் தெருவுக்குப் பதிவேட்டில் எண் இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன். சாலைப் பதிவேடு, சொத்துப் பதிவேடு, தெருவிளக்குப் பட்டியல், மினிட் புக்கில் உங்கள் தெருக்கள் தொடர்பான தீர்மானங்கள், இவற்றின் நகல் இப்போதே வேண்டும். அங்கீகாரமில்லாத மனைப்பிரிவு என்றால் இன்னும் கவனம் தேவை. அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்த 2017ல் வந்த வரன்முறைத் திட்டத்தில் மனைப்பிரிவின் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. பலர் தன் மனையை மட்டும் வரன்முறை செய்துகொண்டார்கள், தெரு பழைய உரிமையாளர் பெயரிலேயே நிற்கிறது. அவர் உயிரோடு இருக்கும்போதே எழுதி வாங்குங்கள். வாரிசுகள் பிரிந்துவிட்டால் கையெழுத்து வாங்க ஊர் ஊராக அலைய வேண்டும்.

சாலை போட வரும்போது சங்கம் கண்டிப்பாகக் கேட்க வேண்டியது, பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுவது. மேலுக்கு மேல் போட்டுப் போட்டே எத்தனையோ வீடுகள் தெருவைவிடப் பள்ளமாகிவிட்டன. மழை பெய்தால் தண்ணீர் நேரே கூடத்துக்கு வருகிறது. 40 மில்லிமீட்டர் போடுவதென்றால் 40 மில்லிமீட்டர் சுரண்ட வேண்டும், உயரம் மாறக் கூடாது. 2021ல் தலைமைச் செயலாளரே இதை வலியுறுத்திக் கடிதம் எழுதினார். வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு மின்கம்பத்திலும் சாலை மட்டத்திலிருந்து ஓர் அடி உயரத்தில் பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள். முடிந்ததும் டேப் வைத்து அளந்தால் யாரும் மழுப்ப முடியாது. குடிநீர்க் குழாய், சாக்கடை, மின்கேபிள் வேலை பாக்கி இருந்தால் அது முடியும் வரை தார் போட வேண்டாம் என்று சங்கமே எழுதிக் கொடுக்கலாம். இதற்குத் தெருக்காரர்கள் கோபப்படுவார்கள், பரவாயில்லை. புதிதாகப் போட்ட சாலையை அடுத்த மாதமே வெட்டினால் இன்னும் அதிகம் கோபப்படுவார்கள்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக. ஏறத்தான் செய்யும். 2022 சொத்துவரி உயர்வில் சென்னையில் இணைந்த பகுதிகளுக்குப் பழைய பகுதியைவிடக் குறைவாகத்தான் வைத்தார்கள். 600 சதுர அடி வரையான வீட்டுக்குப் பழைய பகுதியில் 50 சதவீதம், எங்களுக்கு 25. 1,800 சதுர அடிக்கு மேல் பழைய பகுதியில் 150, எங்களுக்கு 100. வசதி வரும் வரை வரி படிப்படியாகத்தான் ஏற வேண்டும் என்று நீங்கள் கேட்பதற்கு இது நல்ல முன்னுதாரணம். இதைவிட எனக்குக் கவலை தருவது நூறு நாள் வேலை. அது கிராம ஊராட்சிக்கான திட்டம். நகர்ப்புற எல்லைக்குள் வந்தால் போய்விடும். சொந்த வீட்டுக்காரர்கள் நிறைந்த நலச் சங்கத்தில் இந்தப் பேச்சே எழாது. உங்கள் ஊரின் பழைய தெருக்களில் அதை நம்பி இருப்பவர்கள் இருந்தால், அவர்களையும் உட்கார வைத்துப் பேசிய பிறகே ஆட்சேபணைக் கடிதத்தை எழுதுங்கள்.

2025 தொடக்கத்தில் அரசு 16 மாநகராட்சிகளை விரிவாக்க அறிவிப்பு வெளியிட்டபோதும் கருத்தும் ஆட்சேபணையும் சொல்ல அவகாசம் இருந்தது. அப்படிப்பட்ட அவகாசத்தில் "வேண்டாம்" என்று ஒற்றை வரி எழுதுவதில் பயனில்லை. பூங்கா இடங்களின் புல எண், சாலைகளின் பெயரும் நீளமும், எரியும் விளக்குகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் இணைப்பாக வைத்து, இவற்றைச் சொத்துப் பட்டியலில் சேர்த்த பிறகே பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்று எழுதுங்கள். ஒரு பிரதி மாவட்ட ஆட்சியருக்கு, ஒன்று வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, சேர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கும் விதத்தில் விரைவுத் தபாலில். கிராம சபை இன்னும் உயிரோடு இருப்பதால் அதே பட்டியலை அங்கே தீர்மானமாகவும் போட்டுவிடுங்கள். இணைந்த பிறகு வார்டுக்குள் பகுதி வாரியாகப் பகுதி சபை இருக்கும், 2022 முதல் நடக்கிறது. அங்கே முதல் கூட்டத்திலேயே இந்தத் தீர்மானத்தை நீட்டலாம். சங்கம் 1975ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவாகி, ஆண்டுக் கணக்கு ஒழுங்காகத் தாக்கலாகி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். லெட்டர்பேடு மட்டும் இருந்தால் போதாது.

ஊராட்சிச் செயலர் மாறுதலாகிப் போவதற்குள் அவரை ஒருமுறை உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். எந்த இடம் எப்படி வந்தது என்பது பல ஊர்களில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.