விடுப்புச் சம்பளத்துக்கு அரசு மானியமா? பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். 14 பேர் வேலை செய்கிறார்கள், எல்லாருக்கும் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு. இந்த மாதம் காய்ச்சலில் நாலு பேர் படுத்துவிட்டார்கள். கொரோனா மாதிரி மறுபடி வந்தால் விடுப்புச் சம்பளத்துக்கு அரசு முதலாளிக்கு மானியம் தரும், இப்போதே பதிந்து வைக்கலாம் என்று ஒரு கன்சல்டன்ட் 6,000 ரூபாய் கேட்கிறார். பாரிசில் உணவகம் நடத்தும் என் மச்சானுக்கு அப்படிப் பணம் வந்தது. இங்கேயும் உண்டா?

பதில்: மச்சானுக்கு வந்தது உண்மைதான். 2020இல் பிரான்சில், வேலை நின்று வீட்டில் இருந்த ஊழியருக்கு முதலாளி மொத்தச் சம்பளத்தில் 70 விழுக்காடு கொடுத்தார். ஒரு வரம்புக்குள் அந்தப் பணம் அவருக்குத் திரும்பி வந்தது. புதுச்சேரியில் தெருவுக்கு ஒரு பாரிஸ் மச்சான் இருப்பதால் இந்தக் கதை இங்கே சுலபமாக விலைபோகிறது.

இங்கே நடந்தது வேறு. 29.3.2020 அன்று மத்திய உள்துறை அமைச்சகம், ஊரடங்கு நாட்களுக்கும் பிடித்தமில்லாமல் சம்பளம் கொடு என்று உத்தரவு போட்டது. காசுக்கு எங்கே போவது? அது உங்கள் பாடு. மே 18 முதல் அந்த உத்தரவும் போய்விட்டது. சிறு நிறுவனங்களில் 15,000 ரூபாய்க்குக் குறைவாக வாங்கியவர்களுக்கு அந்த ஆண்டு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பிஎஃப் பங்கு 24 விழுக்காட்டையும் அரசே கட்டியது. அதுவும் தொழிலாளியின் பிஎஃப் கணக்குக்குத்தான் போனது.

உங்கள் ஆட்களுக்கு உள்ள வழி இஎஸ்ஐ நோய்க்கால உதவித்தொகை. சராசரி தினக்கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை, நேராகத் தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கு. முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. தினம் 500 ரூபாய் வாங்குகிறவர் ஒன்பது நாள் படுத்தால், ஏழு நாளுக்கு 350 வீதம் 2,450 ரூபாய். இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் சான்று வாங்க வேண்டும். 103 டிகிரி காய்ச்சலோடு அந்த வரிசையில் நிற்பது என்ன பாடு என்று விதி எழுதினவர்கள் ஒருநாள் வந்து நின்று பார்க்கலாம். அப்புறம், சம்பளத்தோடு விடுப்பு கொடுத்த நாளுக்கு இந்தத் தொகை கிடையாது. பாவம் என்று பதிவேட்டில் வருகை போட்டுவிட்டு இதையும் கேட்கச் சொல்லாதீர்கள், மாட்டுவது தொழிலாளிதான்.

"பழைய தேதிக்கு இஎஸ்ஐ சந்தாவை இப்போது கட்டிச் சரிசெய்கிறேன்" என்று அந்த கன்சல்டன்ட் அடுத்து சொல்வார், பாருங்கள். ஜனவரி முதல் ஜூன் வரை படுத்தால் முந்தைய ஏப்ரல்-செப்டம்பர் கணக்கையும், ஜூலை முதல் டிசம்பர் வரை படுத்தால் முந்தைய அக்டோபர்-மார்ச் கணக்கையும் பார்ப்பார்கள். அதில் 78 நாளுக்குச் சந்தா இருக்க வேண்டும். காய்ச்சல் வந்த பிறகு நாள் தயாரிப்பதற்குப் பெயர் போலி ரெக்கார்டு. கையெழுத்து உங்களுடையது.

இன்னொன்றை விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன், இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மாதச் சம்பளம் 21,000 தாண்டினால் இஎஸ்ஐ இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் தாண்டிய மாதமே நிறுத்தக்கூடாது. உங்கள் டை ஃபிட்டருக்கு ஜூனில் 20,500ஐ 22,000 ஆக்கினீர்கள் என்று வையுங்கள். செப்டம்பர் முடியும்வரை அவருக்குக் கட்டியே ஆகவேண்டும். அதுவும் 21,000க்கு இல்லை, 22,000 முழுவதற்கும். அக்டோபரில்தான் அவர் வெளியே. ஜூனிலேயே நிறுத்தினால் பாக்கி 12 விழுக்காடு வட்டியோடு உங்கள் தலையில் விழும், படுக்கும்போது அவருக்கு அந்த 78 நாள் கணக்கிலும் நாள் குறையும்.

நாலு பேரின் ஆதார் பெயரையும் இஎஸ்ஐ பெயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் 'கு. முருகன்', மற்றதில் 'முருகன் குப்புசாமி' என்று இருந்தால் பணம் நிற்கும். நம் ஊர் இனிஷியல் அந்த சாஃப்ட்வேருக்கு இன்னும் புரியவில்லை.

இஎஸ்ஐ போர்ட்டலில் உங்கள் நிறுவனத்துக்கு யாருடைய மொபைல் எண் பதிவாகியிருக்கிறது என்றும் பாருங்கள். பல இடங்களில் அது கன்சல்டன்ட்டின் எண். அப்படி இருந்தால் ஓடிபி எல்லாம் அவருக்கே போகும், 6,000 கேட்கும் தைரியமும் அங்கிருந்துதான் வருகிறது. முதலில் எண்ணை மாற்றுங்கள், அப்புறம் பாஸ்வேர்டை. அதன் பிறகு அவருக்குப் பதில் சொன்னால் போதும்.