சர்க்கரை நோய் இருந்தால் காது மந்தமாகுமா?

தொடர்பு உண்டு. என் அம்மாவின் காது மந்தமானது சர்க்கரையால்தானா என்று கேட்டால் அடித்துச் சொல்ல முடியாது, பார்த்த டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு விஷயம் தெரிய வந்த விதம் கொஞ்சம் விபரீதம்.

அம்மாவுக்கு 61 வயது, 17 வருடமாகச் சுகர். இரவில் 16 யூனிட் இன்சுலின். காலை வெறும் வயிற்று அளவு இறங்கிக்கொண்டே வந்ததால் கிளினிக்குக்குப் போன் செய்தார். நர்ஸ் "பதினாலு போடுங்கம்மா" என்றிருக்கிறார். அம்மாவோ தினசரிக் காலண்டரில் அன்றைய தாளின் ஓரத்தில் "16, மாற்றமில்லை" என்று பென்சிலால் எழுதி வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து ராத்திரி இரண்டரை மணிக்கு ஜாக்கெட் நனைய வியர்வை, கை நடுக்கம். குளுக்கோமீட்டரில் 58, சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, கால் மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து மறுபடி குத்திப் பார்த்தேன். ஏறியிருந்தது.

காலையில் நர்ஸைத் திட்டத்தான் போன் எடுத்தேன். "பதினாலுன்னுதாங்க சொன்னேன், அம்மாவும் சரி சரின்னாங்களே" என்றார். அந்தச் "சரி சரி"தான் உறைத்தது. ஒரு வருடமாக எதைச் சொன்னாலும் அம்மாவின் பதில் அதுதான். கேட்டால், "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் வாய்க்குள்ளேயே பேசுறீங்க" என்பார்.

அவர் சொன்னதும் பொய்யில்லை. காது மூக்கு தொண்டை டாக்டர் ஆடியோகிராம் எடுக்கச் சொன்னார். அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொல்வார்கள். வந்த வரைபடம் தாழ்ந்த சுருதிகள் இருக்கும் இடப்பக்கம் ஓரளவு சமமாகப் போய், 2,000 ஹெர்ட்ஸ் தாண்டியதும் மாடிப்படி மாதிரி இறங்கியிருந்தது, இரண்டு காதிலும். அதாவது குரல் கேட்கும், எந்த எழுத்தைச் சொன்னார்கள் என்று புரியாது. பதினாலா பதினாறா என்று காட்டிக்கொடுக்கும் நுணுக்கம் அந்த உயர்ந்த சுருதிப் பக்கம்தான் இருக்கிறது. போதாக்குறைக்குப் போன். பழைய பாணி இணைப்பு ஏறத்தாழ 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் கடத்தாது. பரிசோதித்த பெண் வரைபடத்தைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "சுகர் எத்தனை வருஷமா இருக்கு?"

ஏன் அப்படிக் கேட்டார் என்று அப்புறம்தான் படித்தேன். அமெரிக்காவின் தேசிய உடல்நல ஆய்வுத் தரவை வைத்து 2008இல் ஒரு கட்டுரை வந்தது. 20 முதல் 69 வயது வரையுள்ள 5,140 பேரின் கேட்புத் திறனைப் பார்த்திருக்கிறார்கள். தாழ்ந்த, நடுத்தரச் சுருதிகளில் கேட்புக் குறைவு சர்க்கரை உள்ளவர்களில் சுமார் 21 சதவீதம், இல்லாதவர்களில் 9. உயர்ந்த சுருதிகளில் முறையே 54, 32 சதவீதம். வயது, வேலையிடச் சத்தம், புகைப்பழக்கம், காதைக் கெடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் மறையவில்லை. சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருப்பவர்களுக்கே கேட்புக் குறைவு 30 சதவீதம் கூடுதல். 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 13 ஆய்வுகளைத் தொகுத்தபோது, இந்தத் தொடர்பு அறுபதைத் தாண்டியவர்களைவிட இளையவர்களிடம்தான் வலுவாகத் தெரிந்தது. "வயசானா காது மந்தம்தான்" என்று ஒதுக்குகிறவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

காரணம் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் சொல்கிற அதே கதைதான்: நுண்ணிய ரத்தக் குழாய்கள். உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியாவில் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றன. அதற்கு ரத்தம் வருவது ஒரே ஒரு மெல்லிய தமனி வழியாக, அது அடைபட்டால் மாற்றுப் பாதை கிடையாது. சர்க்கரை இருந்து இறந்தவர்களின் காதெலும்பை ஆராய்ந்ததில் இந்தக் குழாய்களின் சுவர் தடித்திருந்ததையும் மயிர்ச் செல்கள் குறைந்திருந்ததையும் பார்த்திருக்கிறார்கள். போன செல் திரும்ப முளைக்காது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் போன கேட்பு திரும்பும் என்று யாராவது பொடி விற்றால் வாங்காதீர்கள். கட்டுப்பாடு மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான்.

எனக்கு ஆதங்கம் இதில்தான்: வருடா வருடம் அம்மாவுக்குக் கண் பார்த்தோம், பாதம் பார்த்தோம், சிறுநீரகத்துக்காகக் கிரியாட்டினின் பார்த்தோம். காதை யாரும் பார்க்கச் சொல்லவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சுகர் தெரிந்தவுடன் ஒரு முறையும், பிறகு வருடந்தோறும் காதைச் சோதிக்கச் சொல்கிறது. முதல் வரைபடம் கையில் இருந்தால்தான் எவ்வளவு இறங்கியது என்று தெரியும்.

இன்னும் இரண்டு விஷயம். ஒரு காது திடீரென்று அடைத்தது போல ஆகிக் கேட்காமல் போனால், சளி என்று வாரக்கணக்கில் விடாதீர்கள், ஓரிரு நாளில் டாக்டரிடம் போங்கள். அதற்கு ஸ்டீராய்டு கொடுப்பார்கள், சர்க்கரை எகிறும், ஆகவே சுகர் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், வயதான சர்க்கரைக்காரருக்குத் தூங்கவிடாத காதுவலியும் சீழும் வந்தால் அது எலும்புவரை பரவும் தொற்றாகவும் இருக்கலாம். காய்ச்சிய எண்ணெய் விட்டுப் பார்க்கிற நேரம் அதுவல்ல. சும்மாவே காதில் ஊக்கை விட்டுக் குடையவும் வேண்டாம்.

அம்மாவுக்குக் காது மெஷின் வாங்கினோம். பாதி நாள் அது சாமி அலமாரியில்தான் இருக்கிறது, தட்டு விழுந்தால் இடி விழுந்த மாதிரி இருக்கிறதாம். ஆனால் கிளினிக்குக்குப் போன் செய்யும்போது மட்டும் ஸ்பீக்கரில் போட்டு, பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்: "ஒண்ணு, நாலு, பதினாலா? நீ ஒரு தடவை திருப்பிச் சொல்லும்மா."