டிஜோனில் ரயில் ஏறியவர்

அன்புள்ள ஐயா,

சினிமாவை முதலில் கண்டுபிடித்தவர் லூயி லெ பிரின்ஸ் என்றும், எடிசன் ஆள் வைத்து அவரைக் கொன்றார் என்றும் யூடியூபில் ஒரு வீடியோ பார்த்தேன். உண்மையா?

கேட்க ஒரு காரணம் உண்டு. 2009-ல் என் பெரியப்பா திருப்பூரில் ஒரு வேலை இருக்கிறது என்று பஸ் ஏறினார். திரும்பி வரவில்லை. அப்போது அவருக்கு 51 வயது, இரண்டு பெண் பிள்ளைகள். போலீசில் எழுதிக் கொடுத்ததோடு சரி. நிலத் தகராறில் இருந்த ஒரு பங்காளிதான் ஏதோ செய்துவிட்டார் என்று அப்பா இன்றும் சொல்கிறார். வீட்டுப் பட்டா பெரியப்பா பெயரிலேயே கிடக்கிறது. வீடியோவைக் கேட்டால் அப்பா பேசுவது போலவே இருந்தது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டதால் நீக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள நண்பருக்கு,

எடிசன் கொன்றார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. நான் அதை நம்பவும் இல்லை.

லெ பிரின்ஸ் பிரான்சின் மெட்ஸ் நகரில் பிறந்தவர். இங்கிலாந்தின் லீட்ஸில் குடியேறி அங்கேயே பெண் எடுத்தார். 1888 அக்டோபரில், ரவுண்ட்ஹேயில் இருந்த மாமனார் வீட்டுத் தோட்டத்தில், குடும்பத்தாரை நடக்கவிட்டு ஒற்றை லென்ஸ் கேமராவில் படம் பிடித்தார். மிஞ்சியிருப்பது இரண்டு விநாடிதான். அதில் வரும் மாமியார் சாரா அடுத்த பத்து நாளில் இறந்துபோனார். லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் டிக்கெட் போட்டுப் படம் காட்டியது 1895 டிசம்பரில். ஆக, வீடியோவின் முதல் பாதி பெரும்பாலும் சரி.

1890-ல் மனைவி லிஸ்ஸியும் பிள்ளைகளும் நியூயார்க்கில் இருந்தார்கள். முதல் காட்சியை ஊருக்குக் காட்ட அங்கே ஜூமெல் மாளிகையை ஏற்பாடு செய்திருந்தார்கள். நியூயார்க்குக்குப் புறப்படுவதற்கு முன் பிரான்சின் டிஜோன் நகரில் இருந்த சகோதரர் ஆல்பர்ட்டைப் பார்க்கப் போனார் லெ பிரின்ஸ். செப்டம்பர் 16 அன்று பாரிஸ் ரயிலைப் பிடிக்கக் கிளம்பினார். வயது 49. பாரிஸில் காத்திருந்த நண்பர்களிடம் அவர் வந்து சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை, கொண்டுபோன பயணப் பெட்டியும் கிடைக்கவில்லை.

கடைசியாகப் பார்த்தவர் சகோதரர் என்பதால் சந்தேகம் அவர் மேலும் விழுந்தது. 1887-ல் இறந்த தாயின் சொத்தில் பங்குப் பிரச்சினை என்றார்கள். கடன் தாங்காமல் தற்கொலை செய்துகொண்டார் என்றார்கள். குடும்பமே அவரை ஒதுங்கிப் போகச் சொன்னது என்றுகூட ஒரு கதை உண்டு. இவை பெரும்பாலும் பல பத்தாண்டுகள் கழித்து வந்த ஊகங்கள். 2003-ல் பாரிஸ் போலீஸ் ஆவணங்களில் 1890-ல் நீரில் மூழ்கி இறந்த ஒருவரின் படம் கிடைத்தது. சாயல் இருக்கிறது என்கிறார்கள். சாயலை வைத்து என்ன செய்ய?

எடிசன் மேல் சந்தேகப்பட்டது லிஸ்ஸி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ரவுண்ட்ஹே படப்பிடிப்பு அக்டோபர் 14 என்பது மகன் அடால்ஃப் சொன்ன தேதி. மூன்றே நாளில், 17-ஆம் தேதி, காதுக்கு ஃபோனோகிராஃப் (ஒலிப்பதிவுக் கருவி) செய்வதைக் கண்ணுக்குச் செய்யும் கருவி ஒன்றைச் செய்து பார்க்கிறேன் என்று எடிசன் காப்புரிமை அலுவலகத்தில் மனு தாக்கல் செய்கிறார். தற்செயல்தான். ஆனால் கணவனைத் தொலைத்தவளுக்கு எதுவும் தற்செயலாகத் தெரியாது. அப்புறம் எடிசன் தொடுத்த காப்புரிமை வழக்கில் அடால்ஃப் எதிர்த்தரப்புச் சாட்சியாகப் போனார். அப்பாவின் கேமராக்களைக் காட்ட அவரை அனுமதிக்கவில்லை. 1901-ல் தீர்ப்பு எடிசனுக்குச் சாதகம். அதே ஆண்டு அடால்ஃப் துப்பாக்கிக் காயத்தோடு இறந்து கிடந்தார். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பே கவிழ்ந்தது.

வீடியோக்காரர்கள் தொடாத இடம் ஒன்று உண்டு. லெ பிரின்ஸ் இறந்துவிட்டார் என்று சட்டம் ஏற்றுக்கொண்டது 1897-ல், ஏழு ஆண்டு கழித்து. அதுவரை அவர் உயிரோடும் இல்லை, இறந்தும் இல்லை. அப்படிப்பட்ட ஒருவரின் காப்புரிமையை வைத்துக்கொண்டு குடும்பம் என்ன செய்ய முடியும்? அந்த ஏழு ஆண்டுக்குள் எடிசனின் கினெட்டோஸ்கோப் என்ற படம் பார்க்கும் பெட்டியும் வந்துவிட்டது, லூமியேரும் வந்துவிட்டார்கள். எடிசன் யாரையும் அனுப்ப வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அதே ஏழு ஆண்டு உங்கள் பெரியப்பாவுக்கும் உண்டு. 1872 சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, புதிய சட்டத்தில் 111. தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே ஏழு ஆண்டாக ஒரு தகவலும் இல்லை என்றால், உயிரோடு இருக்கிறார் என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். இறந்தார் என்று மட்டும்தான் இதன்படி கொள்ளலாம்; எந்தத் தேதியில் என்பது இதில் அடங்காது. 2004-ல் ஒரு ஆயுள் காப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆள் காணாமல் போனபின் பிரீமியம் கட்டாமல் விட்ட குடும்பம் அந்த வழக்கில் தோற்றது.

பங்காளி விஷயத்தில் நான் என்ன சொல்ல? உங்கள் அப்பா 2009-லேயே சந்தேகப்பட்டாரா, பிறகு சேர்ந்துகொண்டதா என்று பெரியம்மாவைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

பட்டாவுக்கு சிவில் கோர்ட்டில் இறந்தவராக அறிவிக்கக் கோரி வழக்குப் போட வேண்டியிருக்கும். எஃப்.ஐ.ஆர். நகலும், கண்டுபிடிக்க இயலவில்லை என்ற போலீஸ் சான்றிதழும் கேட்பார்கள். ‘எழுதிக் கொடுத்ததோடு சரி’ என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. சி.எஸ்.ஆர். என்பது வெறும் மனு ரசீது, எஃப்.ஐ.ஆர். ஆகாது. வீட்டில் எது இருக்கிறது என்று தேடி எடுத்துக்கொண்டு ஒரு நல்ல வக்கீலைப் பாருங்கள்.