முதலில் கேள்விகளை எழுதுங்கள்

வணக்கம். நான் வழக்கறிஞராகி நான்கு வருடமாகிறது. பழைய கோப்பைத் திறந்து, பெயரை மாற்றி, புது ஒப்பந்தம் தயாரிப்பதிலேயே பாதி நாள் போகிறது. போன வாரம் ஒரு பத்தியில் வேறொரு கட்சிக்காரரின் பெயர் அப்படியே தங்கிவிட்டது. இந்த வேலையைத் தானியங்கியாக்க பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்கலாமா, செயற்கை நுண்ணறிவே போதுமா?
ச.

அன்புள்ள ச.,

பைத்தான் கற்கலாம், ஆனால் முதல் வேலைக்குக் கணினியே வேண்டாம். அடிக்கடி எழுதும் ஒப்பந்தம் ஒன்றின் பத்துப் பிரதிகளை அருகருகே வைத்து, எங்கெல்லாம் மாறுகின்றன என்று குறியுங்கள். பெயர், தேதி, தொகை மாறுவது எளிய விஷயம். உதாரணமாக, வாடகை ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுப்பவர் தனிநபரா, நிறுவனமா என்பது மாறினால் ஆவணமே வேறாகிவிடும். நிறுவனம் என்றால் யார் கையெழுத்திடுகிறார், அந்த அதிகாரம் அவருக்கு எப்படி வந்தது? இருவர் சேர்ந்து எடுத்தால் பொறுப்பு கூட்டாகவா, தனித்தனியாகவுமா? இவற்றை இப்போது யோசிக்காமலே செய்துவிடுகிறீர்கள். தாளில் இறக்கும்போதுதான் எத்தனை கேள்விகள் என்று தெரியும். எனக்கு ஒரே ஓர் ஒப்பந்தத்துக்கு இரண்டு வாரம் பிடித்தது.

சட்டம் இதற்கு இணங்கி வரும். பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பெரும்பகுதியை லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் புரோலாக் என்ற நிரல்மொழியில் விதிகளாக எழுதி, 1986-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். 'இது இருந்து அதுவும் இருந்தால் இன்னது' என்பதுதானே சட்டப்பிரிவுகள் பலவற்றின் அமைப்பு!

அப்புறம் கருவி. பெயரும் தேதியும் மட்டும் மாறினால் வேர்டில் உள்ள மெயில் மெர்ஜ் போதும்; பட்டியலில் உள்ள விவரங்களை ஆவணத்தின் உரிய இடங்களில் அது நிரப்பித் தரும். நிபந்தனைகள் இருந்தால் டாக்அசெம்பிள் என்ற இலவச, திறந்த மூல மென்பொருளைப் பாருங்கள். நீங்கள் எழுதிவைத்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலுக்கேற்ப ஆவணத்தை நிரப்பித் தரும். அங்கே கொஞ்சம் பைத்தான் கைகொடுக்கும்.

செயற்கை நுண்ணறிவிடம் வரைவு கேட்கலாம், தீர்ப்புகளைக் கேட்டு அப்படியே நம்பக் கூடாது. அவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் சாட்ஜிபிடி கற்பனையாகச் சொன்ன தீர்ப்புகள் மனுவில் ஏறின. 2023-இல் நியூயார்க் நீதிமன்றம் வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. கட்சிக்காரரின் ரகசியத் தகவல்களைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியில் ஏற்றுவதும் வேண்டாம்.

சரி, கருவி தயாரானதும் முடிந்துபோன கோப்புகளின் விவரங்களைக் கொடுத்து, வருவதைக் கையெழுத்தான பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பெயர் தங்கிப்போன அந்த ஒப்பந்தத்திலிருந்தே தொடங்குங்கள்.