பூடில் நாயின் உயரமும், நீங்கள் கேட்க மறந்த உரோமமும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், நேட்டால் கடற்கரையின் டொங்காட் அருகே கரும்பும் கோழியும் வைத்திருக்கிறேன். இரண்டு விற்பனையாளர்களிடம் ஆளுக்கொரு ஸ்டாண்டர்ட் பூடில், அதாவது பெரிய அளவுப் பூடில், குட்டி வாங்கினேன். இரண்டுக்கும் இப்போது 14 மாதம். கறுப்பு ஆண் நாய் தோள்மேட்டில் 62 செ.மீ. இருக்கிறது, யார் வந்தாலும் மேலே பாய்கிறது. பாதாமி நிறப் பெண் நாய் 43 செ.மீ. தான், உரோமம் மென்மை, சுருள் குறைவு, கோழி படபடத்தாலே மேசைக்கடியில் ஒளிந்துகொள்கிறது. கலப்புக் குட்டியைத் தந்து ஏமாற்றிவிட்டார்களா, ஐயா? கால்சியம் பொடி கொடுத்தால் வளரும் என்கிறார் கடைக்காரர். இரண்டையும் இணை சேர்க்கலாமா?

பதில்: ஏமாற்றினார்களா என்பதை உயரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 38 செ.மீ.க்கு மேற்பட்ட பூடில் எல்லாமே ஸ்டாண்டர்ட்தான். எஃப்.சி.ஐ. எனப்படும் உலக நாய்ச் சங்கக் கூட்டமைப்போ 45 முதல் 60 செ.மீ. வரை உள்ளதையே அப்படி அழைத்து, மேலே 2 செ.மீ. சலுகை தந்து, 35 முதல் 45 வரை உள்ளதை நடுத்தரம் என்கிறது. ஆகவே உங்கள் பெண் நாய் ஓரிடத்தில் ஸ்டாண்டர்ட், வேறோரிடத்தில் நடுத்தரம். ஆண் நாய் எல்லைக்கோட்டில் நிற்கிறது. ‘ராயல் பூடில்’ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பவரிடம் மட்டும் வாங்காதீர்கள்; அப்படி ஓர் அளவுப் பிரிவே கிடையாது.

கால்சியம் பொடியை இன்றே நிறுத்துங்கள். 14 மாதத்தில் உயரம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. வளரும் பெரிய இனக் குட்டிகளுக்கு மிகைக் கால்சியம் எலும்பைக் கெடுக்கும். அந்தப் பொடியால் வளர்வது கடைக்காரரின் வியாபாரம் மட்டுமே.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது உரோமத்தைப் பற்றி. ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை குட்டி உரோமம் போய் முதிர்ந்த உரோமம் வருகிறது. உங்கள் பெண் நாய் அந்தப் பருவத்தில்தான் இருக்கிறது, சுருள் இன்னும் கூடலாம். பூடிலின் உதிர்ந்த முடி தரையில் விழாமல் பக்கத்து முடியிலேயே சிக்கிக்கொள்வதால், மேலே பஞ்சுபோல் தோன்றினாலும் அடியில் கம்பளம்போல் சடை கட்டிவிடும். மேலோட்டமாகப் பிரஷ் போடுவது பயனற்றது; உரோமத்தை வகிடு வகிடாகப் பிரித்து, தோலைத் தொடும்வரை உலோகச் சீப்பு இறங்க வேண்டும். நேட்டால் கடற்கரையின் புழுக்கத்தில், கரும்புத் தோட்டத்து நாய்க்கு, ஆண்டு முழுவதும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உரோமத்தைக் கத்தரித்து வைப்பதே சரி என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. கண்காட்சிக் கோலத்தை நம் ஊரில் வைத்திருப்பது நாய்க்குச் செய்யும் கொடுமை. மழித்தும் விடாதீர்கள், வெயில் தோலைச் சுட்டுவிடும்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவது உண்ணிக்காக. இங்கு நாய்களுக்கு வரும் பிலியரி, மஞ்சள் நாய் உண்ணி பரப்பும் பபீசியா ரோசி என்ற கடுமையான ஒட்டுண்ணியால் வருவது. இரத்தச் சிவப்பணுக்களை அழித்துச் சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. நீண்ட உரோமத்துக்குள் ஒளிந்த உண்ணியைக் கண்ணால் காண முடியாது. தோட்டத்திலிருந்து திரும்பியதும் காதுக்குள், அக்குளில், விரலிடுக்கில் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். உண்ணி மருந்தைத் தவறவிடாதீர்கள். ஈறு வெளுத்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ, ஒரு வேளை உணவைத் தொடாவிட்டாலோ அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

குணத்துக்கும் உயரத்துக்கும் தொடர்பில்லை. அது பெற்றோரிடமிருந்தும், பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம்வரை குட்டி கண்டு கேட்டவற்றிலிருந்தும் வருகிறது. தாய் நாயை உங்களுக்குக் காட்டினார்களா? காட்டாதவரிடம் குட்டி வாங்கியதே முதல் பிழை. பெண் நாயைக் கோழிக்கூட்டுக்கு இழுத்துச் செல்லாதீர்கள். அது அஞ்சாத தொலைவில் தீனி கொடுத்து, நாளுக்கு நாள் சற்றே நெருங்குங்கள். ஆணுக்கு வேலை வேண்டும்: பூடில், வேட்டையில் வீழ்ந்த பறவையை நீரிலிருந்து எடுத்து வந்த இனம், எறிந்ததை எடுத்துவரப் பழக்கினால் பாய்ச்சல் அடங்கும்.

இணை சேர்க்க வேண்டாம். அச்சத்தைக் குட்டிகளுக்குச் சீதனமாகக் கொடுக்கக் கூடாது. அத்துடன் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் செயலிழக்கும் அடிசன் நோயும், தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளை அழிக்கும் நோயும் இந்த இனத்தில் இருக்கின்றன. ஆண் நாயை மட்டும் பின்னாளில் பயன்படுத்த விரும்பினால், இரண்டு வயது நிறைந்தபின் இடுப்பு எக்ஸ்ரேயும் தோல் பரிசோதனையும் செய்து, முடிவுகளுடன் மீண்டும் எழுதுங்கள்.