இருபதாம் தேதியே மளிகைப் பணம் தீர்ந்துபோகுதா?

நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு மாசம் 9,000 ஒதுக்கியும் இருபதாம் தேதிக்கே கையைக் கடிக்குதுன்னு எழுதியிருக்கீங்க சகோதரி. நீங்க போட்ட சிட்டையைப் பார்த்தேன். மளிகையில பெரிய குறை இல்லை. பால், காய், மீன் எல்லாத்தையும் அதே பணத்துல எடுக்கறீங்க, ஓட்டை அங்கதான். மளிகைப் பணத்தை ஒண்ணாம் தேதியே தனியா வெச்சிட்டு, மீதியை நாலு கவர்ல போட்டுக்குங்க. வாரத்துக்கு ஒரு கவர்தான் பிரிக்கணும்.

ரேஷன்ல துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. அதை ஏன் விடறீங்க? பருப்பை அரைமணி நேரம் ஊறவெச்சா சாம்பாருக்கு நல்லாவே குழையும்.

நம்ம கடலூர்ல பட்ஜெட்டை உடைக்கிறது மீன்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்குத் தடைக்காலம். அப்ப வஞ்சிரம் பக்கமே போகாதீங்க (விலை கேட்டாலே தலை சுத்தும்). நெத்திலிக் கருவாட்டோட கத்திரிக்காய், மாங்காய் போட்டு ஒரு குழம்பு வெச்சா வீட்டுல யாரும் மீன் கேட்க மாட்டாங்க. மத்த மாசங்கள்ல மத்தி, காரப்பொடி மாதிரி சின்ன மீனா வாங்குங்க.

காய்க்கு உழவர் சந்தை. பலகையில விலையைப் பார்த்துட்டு, கவர்ல இருக்கிற காசை மட்டும் எடுத்துட்டுப் போங்க. ஜிபே வேண்டாம்.