ஏ.சி.யில் பூஞ்சண நாற்றம்: காசை எதற்குக் கொடுப்பது?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் கடற்கரையை ஒட்டியது எங்கள் வீடு. மாரி முழுவதும் நிறுத்தி வைத்திருந்த ஏ.சி.யை இப்போது போட்டால் ஈரச்சாக்கு நாற்றம் வருகிறது. அந்த அறையில் படுக்கும் ஏழு வயது மகளுக்கு இரவில் இருமல், காலையில் தும்மல். திருத்த வந்தவர் காஸ் நிரப்பினால் நாற்றம் போய்விடும் என்கிறார். கடையிலோ கிருமி கொல்லும் வடிகட்டி உள்ள புதிய ஏ.சி.யை வாங்கச் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?

பதில்: இரண்டையும் கேட்காதீர்கள், சகோதரி. காஸ் மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றி வருவது. கசிந்தால் ஒழியக் குறையாது. குறைந்தால் குளிர்தான் போதாமல் போகும். கசிவை அடைக்காமல் நிரப்பும் காஸும் காற்றோடு போய்விடும்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, காற்று வெளிவரும் இடுக்கினுள் டோர்ச் அடித்துப் பாருங்கள். நீண்ட உருளை போன்ற விசிறி தெரியும். அதன் இதழ்களில் கரிப்பொட்டுகள் அப்பியிருந்தால் நாற்றத்தின் ஊற்று அதுதான். காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளில் காற்றின் ஈரம் நீராகப் படிகிறது, அதில் தூசி ஒட்டுகிறது. பூஞ்சணம் வளர இவ்விரண்டும் போதும். திருகோணமலையில் ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்றும் மழையுமாக இருக்க, ஈரம் காயாமலே இயந்திரத்தை மூடிவைக்கிறோம். வெயில் ஏறியதும் போட்டால், சேர்ந்த வித்திகள், அதாவது பூஞ்சணத்தின் நுண்ணிய விதைத் துகள்கள், எல்லாம் அறைக்குள் வீசப்படுகின்றன.

கடைக்காரர் சொல்லும் வடிகட்டி, உள்ளே நுழையும் காற்றின் தூசியைப் பிடிக்கும். அதற்குப் பின்னால் நனைந்து கிடக்கும் விசிறியை அது என்ன செய்யும்? என்றாவது புதிது வாங்க நேர்ந்தால் அறையின் அளவைச் சொல்லி வாங்குங்கள். அளவுக்கு மீறிய ஏ.சி. அறையைச் சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும், ஈரத்தை இழுக்காது.

மகளின் இருமலைத் தள்ளிப்போட வேண்டாம். வீட்டு ஈரத்துக்கும் பூஞ்சணத்துக்கும் இருமல், இழுப்பு, ஆஸ்துமா ஆகியவற்றோடு தொடர்பு உண்டென்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியே சொல்கிறது. கழுவி முடியும்வரை அவளை வேறு அறையில் படுக்க வையுங்கள். அங்கே இருமல் தணிகிறதா என்பதைக் கவனித்து வைத்தியரிடம் சொல்லுங்கள், அது அவருக்கு நல்ல தடயம். இழுப்போ மூச்சுத்திணறலோ இருந்தால் அன்றே கூட்டிச் செல்லுங்கள். பூஞ்சணம் கறுப்பாக இருந்தால் கொடிய நஞ்சு என்று மிரட்டுவோரை நம்ப வேண்டாம். நிறத்தை வைத்து ஆபத்தை அளக்க முடியாது.

அடுத்து சேர்விஸ். வருபவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்: சுருள், விசிறி, நீர் வடியும் தட்டு, குழாய் நான்கையும் கழுவுவாரா? வடிகட்டியை மட்டும் அலசி, வாசனைத் திரவம் தெளித்துவிட்டுப் போவது கழுவல் ஆகாது. முறையாகச் செய்பவர் கீழே பொலித்தீன் விரிப்புக் கட்டி, அழுக்கு நீரை வாளியில் இறக்குவார். அந்த நீரைப் பாருங்கள். முதலில் கறுப்பாக இறங்கும். அது தெளியும்வரை நிறுத்த விடாதீர்கள். நீங்களாக பிளீச் தெளிக்க வேண்டாம். அது அலுமினியத் தகடுகளை அரிக்கும், அதன் நெடி பிள்ளையின் மூச்சுக்கும் ஆகாது.

பிறகு, ஏ.சி.யை நிறுத்துமுன் அரை மணி நேரம் விசிறியை மட்டும் ஓடவிட்டுச் சுருளைக் காயவையுங்கள். மழைக்காலத்திலும் இடையிடையே இப்படி ஓடட்டும். அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது.

என்னென்ன கழுவினார் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். காசை வாங்கிவிட்டு வேலையைச் செய்யாமல் போனால், அந்தச் சீட்டோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977.